கழன்று விழாத கை: தோள் மூட்டு அறுவையும் கால் நூற்றாண்டுக் கணக்கும்

(நீண்ட பதிவு. வசதிக்காக எண்ணிட்டுப் பிரித்திருக்கிறேன். மருத்துவ வரலாறு பயிலும் மாணவர்களை மனத்தில் கொண்டு எழுதியது. மருத்துவ ஆலோசனையாக இதை எவரும் கொள்ள வேண்டாம்.)

1

சென்ற மாதம் பாண்டுப்பில் என் தாய்மாமன் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, அவர் கட்டிலுக்கடியிலிருந்த தகரப் பெட்டியைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்துத் தந்தார். 1983ஆம் ஆண்டு நகராட்சி மருத்துவமனை ஒன்றில் அவருக்கு அளிக்கப்பட்ட கேஸ் பேப்பர் அது. மும்பைத் தமிழர் எவருக்கும் இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. மடிப்புகளில் கிழிந்து, ஓரங்கள் பழுப்பேறி, பாதி எழுத்துகள் அழிந்துபோயிருந்தன. நீல மையில் எழுதப்பட்ட இரண்டு சொற்கள் மட்டும் தெளிவாக இருந்தன: புட்டி, பிளாட்.

மாமா 1970களின் இறுதியில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். லால் பகதூர் சாஸ்திரி சாலையை ஒட்டிய பட்டறை ஒன்றில் வேலை, மாலையில் கபடி. ஓர் ஆட்டத்தில் எதிரணியினர் நால்வர் பிடித்திழுத்தபோது வலது தோள் கழன்றது. ஏற்றிக் கட்டினார்கள். பிறகு அது அடிக்கடி கழலத் தொடங்கியது: ரயிலில் மேலே கைப்பிடியைப் பற்ற எட்டும்போது ஒருமுறை, தூக்கத்தில் புரண்டு படுத்தபோது ஒருமுறை. இறுதியில் அறுவை செய்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை அந்தத் தோள் ஒருமுறைகூடக் கழன்றதில்லை.

ஆனால் அந்தக் கை வெளிப்புறமாகத் திரும்புவதுமில்லை. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு முன்கையை வெளியே திருப்பச் சொன்னால், நேராக முன்னோக்கியபடியே நின்றுவிடுகிறது. முப்பது ஆண்டுகள் அவர் ரயிலில் இடக்கையால் மட்டுமே கைப்பிடியைப் பற்றிப் பயணம் செய்தவர் என்பதை அன்றுதான் அறிந்தேன். இப்போது வயது அறுபத்தைந்தைக் கடந்துவிட்டது. எக்ஸ்ரேயில் மூட்டின் இடைவெளி அற்றுப்போய், எலும்பும் எலும்பும் உரசி நிற்கின்றன. செயற்கை மூட்டு வைக்கலாம் என்கிறார் இப்போதைய மருத்துவர்.

"அப்படியானால் அந்த அறுவை தோல்விதானே, மாமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சற்றுக் கோபத்தோடே பதில் சொன்னார்: "அது எப்படிடே தோல்வி? அன்னைக்குப் பொறவு ஒரு நாளாச்சும் இந்தக் கை கழண்டுச்சா?"

அவர் கேட்டது எளிய கேள்வி. ஒரு நூற்றாண்டுக் காலம் தோள் அறுவை மருத்துவர்கள் தமக்குள் கேட்டுக்கொண்டதும் இதே கேள்விதான். அறுவையின் வெற்றியை எதைக் கொண்டு அளப்பது? எத்தனை ஆண்டுகள் கழித்து அளப்பது? அளப்பவர் யார்? இப்பதிவு அந்தக் கேள்விகளின் வரலாறு.

2

மனித உடலில் மிகுதியாக அசையக்கூடிய மூட்டு தோள்மூட்டு. அதற்கு அது கொடுக்கும் விலை, நிலையின்மை. இடுப்பு மூட்டில் பந்து ஆழமான கிண்ணத்துக்குள் அமர்ந்திருக்கிறது. தோளிலோ பெரிய பந்து ஒன்று ஆழமற்ற சிறு தட்டின்மேல் சாய்ந்து நிற்கிறது. அதனை நழுவாமல் காப்பவை, தட்டின் விளிம்பைச் சுற்றியுள்ள லேப்ரம் எனப்படும் நார் வளையமும், மூட்டுறையும், சூழ்ந்துள்ள தசைகளும்தாம். கையை உயர்த்தி வெளிப்புறம் திருப்பிய நிலையில் பின்னோக்கி ஒரு விசை தாக்கினால், பந்து முன்புறமாக நழுவுகிறது. இளம் வயதில் ஒருமுறை நழுவிய தோள் மீண்டும் நழுவும் வாய்ப்பு அதிகம்.

இதனைப் பழங்காலத்தவர் நன்கறிந்திருந்தனர். சுசுருத சம்ஹிதை, தோள் விலகினால் அக்குளை உலக்கையால் உயர்த்தி மூட்டை இருப்பிடத்தில் சேர்த்து, சுவஸ்திகக் கட்டுப் போடுமாறு கூறுகிறது. கிரேக்கத்தின் ஹிப்போக்ரட்டீஸ் மரபு நூல்கள், விலகிய தோளை ஏற்றும் பல முறைகளை விவரித்துவிட்டு, திரும்பத் திரும்ப விலகும் தோளுக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அக்குளில் சூடு போடுவதைப் பரிந்துரைக்கின்றன. சூட்டுத் தழும்பு சுருங்கி இறுகும்போது, எலும்பு நழுவி இறங்கும் பாதை அடைபடும் என்பது அதன் தருக்கம். நம் ஊர்ப்புறங்களில் எலும்பு கட்டுவோரும், ஆந்திர எல்லையின் புத்தூர்க் கட்டும் செய்துவந்தது பெரும்பாலும் முதல் பணியையே: ஏற்றுதல், கட்டுதல். திரும்ப வராமல் தடுப்பது வேறொரு சிக்கல்.

இரும்புச் சூட்டை இன்று எண்ணி நாம் நடுங்கலாம். ஆனால் அதன் அடிப்படை எண்ணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: முன்புறத்தை இறுக்கிவிடு, மூட்டு நழுவாது. மாமாவின் தோளில் 1983இல் நிகழ்ந்ததும் அடிப்படையில் இதுவே. இரும்பின் இடத்தைக் கத்தியும் தையலும் பெற்றிருந்தன.

3

நவீன அறுவையின் கதை பெரும்பாலும் லண்டனின் பிளண்டெல் பேங்கார்ட்டிலிருந்து தொடங்கப்படுகிறது. அவருக்கு முன்பே 1890இல் பிரான்சில் புரோக்காவும் ஹார்ட்மனும், 1906இல் ஜெர்மனியில் பெர்த்தசும் விளிம்பு கிழிந்திருப்பதைக் கண்டு எழுதியிருந்தனர். எனினும் கிழிந்த விளிம்பே நோயின் மூலம் என்று உறுதியாக வாதிட்டவர் பேங்கார்ட். 1923இல் முதல் கட்டுரையை வெளியிட்டார். அவர் அறுவை செய்த முதல் நோயாளி, முன்பு அவரிடமே பணியாற்றிய ஓர் இளம் மருத்துவர். 1938இல் விரிவான கட்டுரை வந்தது. தொடர்ச்சியாக 27 நோயாளிகள். ஒருவருக்கும் தோள் மீண்டும் விலகவில்லை என்று அதில் அறிவித்தார்.

கிழிந்ததை, கிழிந்த இடத்திலேயே தைப்பது பேங்கார்ட்டின் கொள்கை. ஆனால் அன்றைய கருவிகளைக் கொண்டு ஆழத்திலிருக்கும் எலும்பு விளிம்பில் துளையிட்டுத் தைப்பது கடினம். ஆகவே மற்றொரு வழி பரவலாயிற்று. இத்தாலியின் போலோனியாவில் விட்டோரியோ புட்டியும், இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஹாரி பிளாட்டும் தனித்தனியே 1920களில் கைக்கொண்ட முறை அது. தோளின் முன்புறம் இருக்கும் சப்ஸ்கேபுலாரிஸ் என்னும் தசையை அறுத்து, சட்டையின் இரு ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துத் தைப்பதுபோல் மேலேற்றித் தைத்துச் சுருக்கிவிடுவது. 1948இல் ஆஸ்மண்ட் கிளார்க் என்பவர் இருவர் பெயரையும் இணைத்து இதனை விவரித்தார். எளிது, விரைவு, நம்பத்தக்கது. பிரிட்டிஷ் மரபில் பயின்ற மருத்துவர்களின் கைகளில் இது நெடுங்காலம் வாழ்ந்தது.

இந்தியாவுக்கு இது வந்த வழியை ஊகிப்பது கடினமன்று. விடுதலைக்குப் பிந்தைய தலைமுறையின் எலும்பு மருத்துவர் பலர் லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் எம்.சி.எச். எலும்பியல் பட்டத்தை நாடிச் சென்றவர்கள். 1955இல் இந்திய எலும்பு மருத்துவர் சங்கம் உருவானபோது, அத்துறையின் பாடநூலும் பழக்கமும் பெரும்பாலும் பிரிட்டிஷ் வார்ப்பில் இருந்தன. மாமாவின் கேஸ் பேப்பரில் உள்ள இரு சொற்கள் போலோனியாவிலும் மான்செஸ்டரிலும் பிறந்து, எத்தனையோ கைகள் மாறி, பாண்டுப் தொழிலாளி ஒருவரின் தகரப் பெட்டியில் வந்து சேர்ந்தவை. ஆவணக் காப்பகங்களில் அமர்ந்து அறிவின் பயணம் பற்றி நாம் எழுதும் கட்டுரைகளில் இந்தப் பெட்டிகளுக்கு இடமில்லாமல் போவது வருத்தத்துக்குரியது.

4

இனி அளவுகோலுக்கு வருவோம். புட்டி–பிளாட் அறுவையின் வெற்றியை அன்றைய மருத்துவர்கள் ஒரே கேள்வியால் அளந்தனர்: மீண்டும் விலகியதா, இல்லையா? விலகவில்லை என்றால் வெற்றி. கை வெளிப்புறம் திரும்பாமல் போவதைக் குறையாகவே பலர் கருதவில்லை. தையல் நன்கு பிடித்திருப்பதன் அடையாளமாகவே அதைக் கண்டனர். திசுவை ஒரு சென்டிமீட்டர் சுருக்கினால் வெளிப்புறச் சுழற்சியில் ஏறத்தாழ 20 பாகை குறையும் என்பது பின்னாளில் மாணவர்க்குக் கற்பிக்கப்பட்ட கணக்கு.

முரண் என்னவென்றால், "இறுதி விளைவை அள" என்று மருத்துவ உலகத்துக்கு முதலில் இடித்துரைத்தவரே தோள் ஆய்வாளர் ஒருவர்தாம். பாஸ்டன் நகரின் எர்னஸ்ட் அமரி காட்மன். ஒவ்வொரு நோயாளியையும் மருத்துவமனை போதிய காலம் பின்தொடர்ந்து, சிகிச்சை பயன் தந்ததா என்று பார்க்க வேண்டும். தரவில்லை என்றால் ஏன் என்று கேட்க வேண்டும் என்பது அவரது கொள்கை. தான் பணியாற்றிய புகழ்பெற்ற மருத்துவமனை அதனை ஏற்காததால், 1911இல் சொந்தமாகச் சிறு மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். 1911 முதல் 1916 வரை அங்கிருந்து வெளியேறிய 337 நோயாளிகளின் சிகிச்சையில் 123 பிழைகள் நிகழ்ந்தன என்று தாமே அச்சிட்டு வெளியிட்டார். 1915இல் மருத்துவர் கூட்டமொன்றில் ஒரு கேலிச்சித்திரத்தைத் திரைநீக்கினார்: மணலில் தலை புதைத்த தீக்கோழி, விளைவைப் பாராமல் மருத்துவர்களுக்குப் பொன்முட்டைகளை உதைத்துத் தள்ளுகிறது. நண்பர்களை இழந்தார், பதவிகளை இழந்தார். 1934இல் தோள் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். 1940இல் இறந்தபோது அவர் கல்லறைக்கு ஒரு கல்கூட வைக்கப்படவில்லை; 2014இல்தான் அதனை நாட்டினார்கள்.

காட்மனின் கேள்வியில் இரண்டு பகுதிகள் உண்டு. பயன் தந்ததா என்பது ஒன்று. போதிய காலம் பின்தொடர்ந்தோமா என்பது மற்றொன்று. தோள் அறுவையின் வரலாற்றில் இரண்டாம் பகுதியே முதல் பகுதியின் விடையைத் திரும்பத் திரும்ப மாற்றியிருக்கிறது.

5

1978இல் அமெரிக்காவின் கார்ட்டர் ரோவும் அவர் உடனுழைத்தோரும், முப்பது ஆண்டுகளில் தாம் செய்த பேங்கார்ட் அறுவைகளின் முடிவுகளை வெளியிட்டனர். பின்தொடர முடிந்த 145 தோள்களில் மீண்டும் விலகியவை 5 மட்டுமே. இந்த ஆய்வின் தனிச்சிறப்பு வேறிடத்தில் இருக்கிறது. விலகியதா என்பதோடு நில்லாமல், கை எவ்வளவு அசைகிறது, எவ்வளவு வேலை செய்ய முடிகிறது என்பவற்றுக்கும் மதிப்பெண் கொடுத்தார்கள். அளவுகோல் ஒன்றிலிருந்து மூன்றாக விரிந்தது.

1983இல், அதாவது மாமா அறுவை மேசையில் படுத்திருந்த அதே ஆண்டில், சாமில்சன், பிரியெட்டோ ஆகிய இருவர் விலகிய தோள்களில் பின்னாளில் தோன்றும் தேய்வுக்குத் தனிப் பெயர் கொடுத்து வகைப்படுத்தினர். எலும்பின் ஓரத்தில் முளைக்கும் முள் 3 மில்லிமீட்டருக்குக் குறைவானால் இலேசானது, 3 முதல் 7 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. இன்றும் இந்த அளவே பெரிதும் பயன்படுகிறது. 1990இல் ஹாக்கின்சும் ஏஞ்சலோவும், புட்டி–பிளாட் அறுவைக்குப் பல்லாண்டுகள் கழித்துக் கடுமையான தேய்வுடன் வந்தவர்களைப் பற்றி எழுதினர். முன்புறம் அளவுக்கு மீறி இறுக்கப்பட்ட மூட்டில் பந்து பின்னோக்கித் தள்ளப்பட்டுக் குழியின் பின்விளிம்பை அரைக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். 

ஐந்து ஆண்டுகளில் வெற்றியாகக் கருதப்பட்ட இறுக்கம், இருபது ஆண்டுகளில் நோயாக அடையாளம் பெற்றது. மாமாவின் அறுவை மருத்துவர் கவனக்குறைவானவர் அல்லர். அவர் தம் காலத்தின் அளவுகோலில் செம்மையாகச் செய்தார். மாறியது அளவுகோல், அது மாறுவதற்குக் காலம் கடந்தாக வேண்டியிருந்தது.

6

இதே பாடம் பிற முறைகளிலும் உண்டு. 1954இல் பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த மிஷெல் லத்தார்ஷே வேறொரு வழியை முன்வைத்தார். தோள்பட்டையிலிருந்து காக்கை அலகுபோல் முன்னே வளைந்திருக்கும் கோரக்காய்டு என்னும் எலும்பு நுனியை வெட்டி, அதில் ஒட்டியுள்ள தசையோடு சேர்த்துக் குழியின் முன்விளிம்பில் திருகாணியால் பொருத்துவது. எலும்பு குழியை அகலமாக்குகிறது. கையை உயர்த்தும்போது தசை முன்னால் ஒரு தூளிபோல் தாங்குகிறது. 1958இல் தென்னாப்பிரிக்காவின் ஆர்தர் ஹெல்ஃபெட் இதையொத்த முறையொன்றை விவரித்து, தம் ஆசிரியர் பிரிஸ்டோவின் பெயரை அதற்கு இட்டார். 1998இல் அல்லெனும் உடனுழைத்தோரும் பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட முடிவுகளை ஆராய்ந்தபோது, லத்தார்ஷே செய்த தோள்கள் மீண்டும் முழுமையாக விலகவில்லை என்று கண்டனர். ஆனால் பொருத்திய எலும்பு குழியின் விளிம்பைத் தாண்டி மூட்டுக்குள் துருத்தியிருந்தவர்களுக்குத் தேய்வு மிகுந்திருந்தது. சில மில்லிமீட்டர் பிழை பதினான்கு பதினைந்து ஆண்டுகள் கழித்துத் தன் கணக்கைத் தீர்க்கிறது.

1980களில் மூட்டு உள்நோக்கி, அதாவது ஆர்த்ராஸ்கோப், வழியே சிறு துளைகளிட்டுத் தைக்கும் முறை வந்தது. முதலில் உலோக ஊக்குகள், பிறகு எலும்பினூடே இழுத்துக் கட்டும் தையல்கள், அதன்பின் எலும்பில் பதியும் நங்கூரங்கள். தழும்பு சிறிது, வலி குறைவு, தசையை அறுக்க வேண்டியதில்லை. ஆனால் தொடக்கக் கால முடிவுகளில் மீண்டும் விலகுதல் திறந்த அறுவையைவிட அதிகம். காரணத்தைத் தெளிவாக்கியது 2000ஆம் ஆண்டில் பர்கார்ட்டும் டி பியரும் வெளியிட்ட 194 நோயாளிகளின் ஆய்வு. குழியிலோ பந்திலோ பெரிய எலும்பிழப்பு இல்லாதவர்களில் மீண்டும் விலகியோர் நூற்றுக்கு 4. எலும்பிழப்பு உள்ளவர்களிலோ நூற்றுக்கு 67. ஒரே மருத்துவர்கள், ஒரே தையல், ஒரே நங்கூரம். யாருக்குச் செய்கிறோம் என்பது எதைச் செய்கிறோம் என்பதைவிடப் பெரிய கேள்வியானது. பேங்கார்ட்டின் முறைக்கும் லத்தார்ஷேயின் முறைக்கும் இன்று நடக்கும் விவாதம் பெரிதும் இந்த எண்களைச் சுற்றியே நடக்கிறது.

7

இதுவரை படித்தவர்கள், அறுவைதான் மாமாவின் மூட்டைத் தேய்த்தது என்ற முடிவுக்கு வந்திருக்கலாம். நானும் வந்திருந்தேன். அந்த முடிவை அசைத்த ஓர் ஆய்வைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

1978–79இல் ஸ்வீடனின் 27 மருத்துவமனைகளில், முதன்முறையாகத் தோள் விலகி வந்த 12 முதல் 40 வயது வரையிலான 255 பேரை லெனார்ட் ஹொவேலியசும் உடனுழைத்தோரும் பதிவு செய்தனர். அறுவையிலிருந்து தொடங்காமல் முதல் விலகலிலிருந்தே தொடங்கினார்கள் என்பதுதான் அதன் அருமை. சிலருக்கு மூன்று நான்கு வாரங்கள் கையைக் கட்டி வைத்தனர், சிலரை விரைவில் அசைக்கவிட்டனர். பின்னாளில் இரு பிரிவினருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. இரண்டு ஆண்டுகள், ஐந்து, பத்து, இறுதியில் இருபத்தைந்து ஆண்டுகள் என அதே மனிதர்களைத் தேடிச் சென்று பார்த்தார்கள்.

கால் நூற்றாண்டு கழித்துக் கிடைத்த விடை எவருக்கும் முழு ஆறுதல் தருவதன்று. அறுவையின்றியே ஏறத்தாழப் பாதித் தோள்கள் மீண்டும் விலகவில்லை, அல்லது ஒருமுறை மட்டுமே விலகின. சில தோள்கள் பலமுறை விலகிவிட்டு, வயதோடு தாமாகவே நிலைபெற்றன. அறுவை தேவைப்பட்டவர்கள் நான்கில் ஒரு பங்கினரைச் சற்றே தாண்டினர். ஆனால் எக்ஸ்ரேயில் தேய்வு சிறிதுமின்றி இருந்த தோள்கள் நூற்றுக்கு 44 மட்டுமே. ஒரே ஒருமுறை விலகி, பிறகு விலகாத தோள்களிலும் தேய்வு இருந்தது. நடுத்தரமும் கடுமையுமான தேய்வு, மீண்டும் விலகியும் அறுவை செய்யப்படாத தோள்களில் மிகுதி; மீண்டும் விலகாதவற்றில் குறைவு; அறுவையால் நிலைநிறுத்தப்பட்டவை இரண்டுக்கும் இடையில்.

ஆக, மாமாவின் தேய்வுக்கு அந்தத் தையலே காரணமா, கபடிக் களத்தில் கழன்ற முதல் நொடியே காரணமா, அறுவைக்கு முன் ரயிலிலும் தூக்கத்திலும் கழன்ற தடவைகளா? ஒரு தனி மனிதரின் மூட்டை வைத்து இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. வெளிப்புறச் சுழற்சியை இழந்தது அறுவையால் என்பதை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். தேய்வைப் பற்றி அவ்வளவு உறுதி கூடாது. வரலாற்று மாணவர்களாகிய நமக்கு இது பழகிய எச்சரிக்கைதான்: பின்னால் வந்தது என்பதாலேயே முன்னதன் விளைவாகிவிடாது.

8

நம் பகுதியிலேயே ஒரு புகழ்பெற்ற தோள் இருக்கிறது. செம்பூரில் பிறந்து, மாட்டுங்கா டான் பாஸ்கோ பள்ளியிலும் பொதார் கல்லூரியிலும் படித்த கிரிக்கெட் வீரர் ஷ்ரேயஸ் ஐயர். 2021 மார்ச் 23 அன்று புனேயில் இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்தில் பந்தைத் தடுக்கப் பாய்ந்தபோது இடது தோள் விலகியது. ஏப்ரல் 8இல் அறுவை. செப்டம்பர் 22இல் துபாயில் மீண்டும் ஆடி, ஆட்டமிழக்காமல் 47 ஓட்டங்கள். நவம்பரில் கான்பூரில் தம் முதல் டெஸ்டில் 105, 65.

இந்தக் கால அட்டவணையைக் கவனியுங்கள். இங்கே அளவுகோல் "எத்தனை மாதங்களில் களம் திரும்பினார்" என்பது. விளையாட்டு மருத்துவம் வளர்ந்தபின் உருவான அளவுகோல் இது; ஒரு வீரரின் தொழில்வாழ்வுக்கு அது நியாயமானதும்கூட. ஐந்தரை மாதங்களில் விடை கிடைத்துவிட்டது. ஆனால் ஹொவேலியசின் கேள்வியை அவர் தோளிடம் கேட்க வேண்டுமானால் 2046 வரை காத்திருக்க வேண்டும். அன்று எவரேனும் கேட்பார்களா? அவர் புகழ்பெற்றவர் என்பதால் ஒருவேளை கேட்கலாம். அதே ஆண்டு தாராவியிலோ பாண்டுப்பிலோ கபடி ஆடித் தோள் விலகிய பையனைத் தேடி 2046இல் யார் வருவார்கள்?

9

இங்கேதான் இது மருத்துவத்தின் எல்லையைத் தாண்டி நம் துறைக்குள் வருகிறது. இருபத்தைந்து ஆண்டு விளைவு ஸ்வீடனில் அளக்கப்பட்டது தற்செயலன்று. அந்நாட்டில் 1947 முதல் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி அடையாள எண் உண்டு. முழங்கால் மூட்டு மாற்று அறுவைகளுக்கு 1975இலேயே தேசியப் பதிவேடு தொடங்கினார்கள். ஆள் வீடு மாறினாலும் எண் மாறாது. தபால் அவரைத் தேடிப் போய்ச் சேரும். நீண்டகால விளைவு என்பது மருத்துவர் ஒருவரின் விடாமுயற்சியால் மட்டும் கிடைப்பதன்று. ஓர் அரசும் சமூகமும் தம் மக்களை எவ்வாறு நினைவில் வைத்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது அது.

மும்பையின் 1980களை எண்ணிப் பாருங்கள். 1982 ஜனவரி 18இல் தொடங்கிய ஆலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர் வெளியேறினர். பெரும்பாலோர் அந்த ஆலைகளுக்குத் திரும்பவேயில்லை. பலர் ஊருக்குப் போனார்கள், பலர் வேறு தொழிலுக்கும் வேறு குடிசைப் பகுதிக்கும் மாறினார்கள். பாண்டுப்பின் பட்டறைகளும் பின்னர் ஒவ்வொன்றாக மூடப்பட்டு அங்கே அடுக்குமாடிகள் எழுந்தன. இத்தகைய நகரத்தில் ஓர் அறுவை மருத்துவர், "ஐந்து ஆண்டு கழித்து வந்து காட்டுங்கள்" என்று சொன்னாலும், அந்த முகவரியில் ஐந்து ஆண்டு கழித்து யார் இருந்திருப்பார்கள்? விலகாத தோளுக்காக ஒருநாள் கூலியை இழந்து வெளிநோயாளர் வரிசையில் நிற்பவர் யார்? வராதவர்களை எல்லாம் "குணமானோர்" என்று எண்ணிக்கொள்வது எளிது. வராமல் போனவர்களே நம் ஆவணத்தின் பெரும்பகுதி.

நகராட்சி மருத்துவமனைகளின் கேஸ் பேப்பர் முறையில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் காகிதம் நோயாளியின் கையிலேயே தரப்படுகிறது. மருத்துவமனையில் பதிவேடுகள் கழிக்கப்பட்டுவிட்டாலும், தகரப் பெட்டியில் அது வாழ்கிறது. காட்மன் கனவு கண்டதற்கு நேரெதிர் இது: மருத்துவமனை நோயாளியைப் பின்தொடரவில்லை, நோயாளி மருத்துவமனையின் நினைவைச் சுமந்துகொண்டு நாற்பது ஆண்டுகள் நடந்திருக்கிறார். அந்தப் பெட்டிகளைத் திறக்காமல் இந்நகரின் அறுவை வரலாற்றை எழுத முடியாது என்பதே என் வாதம்.

10

இறுதியாக மாமாவின் பதிலுக்குத் திரும்புகிறேன். அன்று நான் அதைப் பாமரரின் நன்றியுணர்வு என்று எண்ணினேன். இப்போது அப்படி எண்ணவில்லை. அவர் தம் அளவுகோலைத் தெளிவாகச் சொல்லியிருந்தார். 1983இல் அவருக்கு வேண்டியிருந்தது, இயந்திரத்தின் முன் நிற்கும்போது கை கழன்று விழாது என்ற உறுதி. அந்த உறுதி வேலையைக் காத்தது. வேலை இரு பிள்ளைகளைப் படிக்க வைத்தது. அதற்கு ஈடாக ஒரு திசையில் கை திரும்பாமல் போனதை அவர் தெரிந்தே ஏற்றுக்கொண்டார்.

ஆனால் ஒன்றை அவரிடம் யாரும் சொல்லவில்லை. நாற்பது ஆண்டுக்குப் பின் மூட்டு தேயக்கூடும் என்று 1983இல் அவரிடம் சொல்லக்கூடியவர் எவருமில்லை. அந்த அறிவு அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. இன்று அது இருக்கிறது. இன்று அறுவை மேசைக்குப் போகும் பையனுக்கு, "விலகாது" என்பதோடு, "எவ்வளவு அசையும், முப்பது ஆண்டு கழித்து எப்படியிருக்கும், அறுவை செய்யாவிட்டால் எப்படியிருக்கும்" என்பனவற்றையும் அவன் மொழியில் சொல்ல முடியும். சொல்லப்படுகிறதா என்பது வேறு கேள்வி.

விடைபெறும்போது மாமாவிடம், "செயற்கை மூட்டு வைத்துக்கொள்ளப் போகிறீர்களா?" என்று கேட்டேன். "அது எத்தனை வருசம் தாங்கும்னு கேட்டுச் சொல்லு மருமவனே, பொறவு பாக்கலாம்" என்றார். காட்மன் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

மும்பையில் 1990க்கு முன் எலும்பு அறுவை செய்துகொண்ட பெரியவர்கள் உங்கள் வீடுகளில் இருந்தால், அவர்களின் பழைய கேஸ் பேப்பரைத் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். அவர்கள் இன்று கையைக் காலை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஒருமுறை அமர்ந்து கேட்டு எழுதி வையுங்கள். இப்பதிவில் பிழையிருந்தால் துறை அறிந்தோர் திருத்துக, நன்றியோடு ஏற்பேன்.